ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறைத் தேர்வு 25 மதிப்பெண். நாங்கள் மாலை வகுப்புகளில் சந்திக்கும் பிள்ளைகளிடம் அந்த 25க்கு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: இருபத்தைந்து. குவிலென்சின் குவியத்தொலைவை எப்படி அளந்தாய் என்று அடுத்த கேள்வி கேட்டால் பிள்ளை சிரிக்கும். லென்சைத் தொட்டதே இல்லை. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, பக்கத்து நோட்டில் இருந்த அளவுகளை அப்படியே எழுதி, சராசரி போட்டு, கையெழுத்து வாங்கியாயிற்று.

இதில் யாருக்கும் புகார் இல்லை. தலைமையாசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு கிடைக்கிறது. அதிகாரிக்குப் புள்ளிவிவரம் கிடைக்கிறது. பெற்றோருக்கு மார்க் கிடைக்கிறது. பிள்ளைக்குத் தப்பித்தோம் என்ற நிம்மதி கிடைக்கிறது. எங்களுக்குப் புகார் இருக்கிறது. அந்த 25 மதிப்பெண் நம் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் கருணை அல்ல. ஆய்வகம் எங்கே என்று கேட்காமல் இருப்பதற்குக் கொடுக்கப்படும் விலை.

விலை எவ்வளவு மலிவானது என்பது ஓராண்டு கழித்துத் தெரியும். பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்று கேட்கும்போது, 25க்கு 25 வாங்கிய அதே பிள்ளை, சயின்ஸ் வேண்டாம், எனக்கு வராது என்று சொல்லும். பியூரெட்டைக் கண்ணால் பார்க்காத, நுண்ணோக்கியில் ஒரு வெங்காயத்தோலைக்கூடப் பார்க்காத பிள்ளை வேறு என்ன சொல்லும்? அப்போது ஊர் சொல்கிறது: இடஒதுக்கீடு கொடுத்தும் இவர்கள் அறிவியல் பக்கம் வருவதில்லை, ஆர்வம் இல்லை. ஆர்வம் இல்லாமல் போகவில்லை. அது பூட்டிய அலமாரிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் சட்டம்

கேள்வி கேட்டுக் கண்டறியும் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு. 1976இல் 42வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. குடிமகனுக்குக் கடமை என்றால், அதற்கான வாய்ப்பைத் தருவது அரசின் கடமை இல்லையா? கல்வி உரிமைச் சட்டம் 2009 இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அதன் 29வது பிரிவின்படி பிள்ளைகள் செயல்பாட்டின் வழியாகவும் தேடலின் வழியாகவும் தாமே கண்டறிந்தும் கற்க வேண்டும். அச்சமில்லாமல் தம் கருத்தைச் சொல்லும் சூழல் இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது 6 முதல் 14 வயது வரைக்கும்தான், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பின் வாசலில் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு இருசக்கர வாகனத்தில் பள்ளிக்கு வருகிறார்கள், பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிறார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான திட்டம். இதைக் குறை சொல்ல மாட்டோம். அந்த வண்டி வரும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதுவும் 6, 7, 8 வகுப்புகளுக்குத்தான்.

ஏன் எட்டோடு நிற்கிறது? ஒன்பதிலும் பத்திலும் பொதுத்தேர்வு என்ற பெயரில் வேறொரு வேலை நடக்கிறது. அங்கே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். யார் முதல் குரூப்புக்கு, யார் தொழிற்பிரிவுக்கு, யார் ஜவுளிக்கடைக்கு, யார் ஸ்பின்னிங் மில்லுக்கு என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் முடிவாகிறது. சரியாக அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நம் பிள்ளைகளின் கையில் இருந்து சோதனைக்குழாயை வாங்கிக்கொண்டு கைடு புத்தகத்தைக் கொடுக்கிறார்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 800க்கும் மேற்பட்டவை தொடக்கப் பள்ளிகள். உயர்நிலை, மேல்நிலை இரண்டையும் சேர்த்தால் 200 சொச்சம்தான் தேறும். மேலே போகப் போகக் குறுகும் கூம்பு இது. அந்த 200 சொச்சத்தில் எத்தனையில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் உள்ள, கணினி அறையாகவோ சத்துணவு மூட்டை வைக்கும் அறையாகவோ மாறிவிடாத, உண்மையான அறிவியல் ஆய்வகம் இயங்குகிறது? பள்ளிவாரியாக இந்தக் கணக்கை அரசு வெளியிட வேண்டும். வெளியிட்டால் வெட்கப்பட வேண்டியவர்கள் நம் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு முப்பரிமாண எந்திரம், நமக்குப் பழைய பாட்டில்

ஒன்றிய அரசின் நிதி ஆயோக் 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் என்ற திட்டத்தை நடத்துகிறது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய். முப்பரிமாண அச்சு எந்திரம், ரோபோ பாகங்கள், உணரிகள் எல்லாம் வரும். அரசுப் பள்ளிகள் சிலவற்றுக்கும் கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். 1,500 சதுர அடி கட்டட இடம் காட்ட வேண்டும். இடம் இருக்கிறவர்களுக்கு இன்னும் கொடு என்பதுதான் இந்தக் கணக்கு. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கும் பள்ளி எந்த 1,500 சதுர அடியைக் காட்டும்?

விண்ணப்பிக்க முடியாத பள்ளிகளுக்கு என்ன சொல்கிறார்கள்? குறைந்த செலவு அறிவியல். வீணாகப் போகும் பொருளில் இருந்து சோதனைக் கருவி. பழைய பாட்டில், தீக்குச்சி, சைக்கிள் டியூப், ஸ்ட்ரா.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அர்விந்த் குப்தா மீது எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து மூலக்கூறு வடிவங்களைக் கட்டிக் காட்டியவர், தன் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தவர். அந்தப் பொம்மைகளை எங்கள் மாலை வகுப்புகளிலும் செய்கிறோம். பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள். எங்கள் கோபம் அவர் மேல் அல்ல. அவர் எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் செய்ததை ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று மாற்றிய நிர்வாகத்தின் மேல்.

குப்பையில் இருந்து அறிவியல் என்று பயிற்சிக் கூட்டத்தில் சொல்லும்போது கைதட்டுகிறார்கள். விடிகாலையில் நகரத்தின் குப்பையைக் கையால் பிரிக்கும் அம்மாவின் மகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவள் வீட்டில் குப்பை ஒரு கண்டுபிடிப்பு அல்ல, தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலை. புதிய லென்ஸ், உடையாத பீக்கர், துருப்பிடிக்காத அம்மீட்டர் அவள் கைக்கு வருவதில் ஒரு மரியாதை இருக்கிறது. இந்தப் பொருள் உனக்காக வாங்கப்பட்டது என்ற மரியாதை. அதை இன்னும் எந்தத் திட்டமும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மலிவுப் பொருள் எல்லாவற்றையும் செய்துவிடாது என்பது அறிவியல் ஆசிரியர்களுக்கே தெரியும். டார்ச் பல்பை வைத்து ஓம் விதியைச் சோதித்தால் வரைபடத்தில் நேர்கோடு வராது. இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடிக்கொண்டே போகும். ஏன் நேர்கோடு வரவில்லை என்பது அருமையான கேள்வி, கேள்வி வழிக் கற்றலின் உயிரே அதுதான். ஆனால் கோடு வளைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கே ஒழுங்காக வேலை செய்யும் ஓர் அம்மீட்டரும் ஒரு வோல்ட்மீட்டரும் வேண்டும். அவை இல்லாத பள்ளியில் ஓம் விதி ஒரு மந்திரம். மந்திரத்தை மனப்பாடம் செய்யத்தான் முடியும். மந்திரத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் இந்த நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள்.

கருவி வந்தாலும் கை போகாத இடம்

பணமும் பொருளும் மட்டும் வந்தால் போதும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் படித்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறோம். கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போடும்படி ஆசிரியர் அவரை அழைத்தார். அவர் எழுந்து நடந்ததும் மற்ற மாணவர்கள் பதறி ஓடினார்கள். கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளியில் கரும்பலகை இருந்தது, சுண்ணாம்புக் கட்டி இருந்தது, அழைக்கும் ஆசிரியரும் இருந்தார். ஆனாலும் ஒரு பிள்ளை பலகையைத் தொடப் போனது ஒரு வகுப்பறையையே கலைத்துப் போட்டது. அதற்கு முன் சாத்தாராவில், வீட்டில் இருந்து கொண்டுபோன கோணிப்பையில்தான் அவர் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்க முடியாது, பியூன் வந்து திறக்க வேண்டும்.

அது அந்தக் காலம் என்பார்கள். இந்தக் காலத்தைப் பார்ப்போம். செய்முறைக்கு ஆறு பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பிடிப்பவர் ஒருவர், அளவைப் படிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். மீதி மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த மூவர் யார் யார் என்று எந்தக் கலப்புப் பள்ளியிலும் போய்ப் பாருங்கள். முடிந்த பிறகு பீக்கர் கழுவுவது யார், அறையைக் கூட்டுவது யார் என்றும் பாருங்கள். யாரும் சாதி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேய், நீ கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வா என்றுதான் சொல்கிறார்கள். எப்போதும் அதே பிள்ளையிடம் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வார்த்தை இருக்கிறது: மெல்லக் கற்போர். ஜனவரி பிறந்ததும் பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு இந்தப் பெயரை வைக்கிறார்கள். அவர்களுக்குத் தனிக் கையேடு. நான்கு படம், இருபது ஒரு மதிப்பெண் வினா, ஐந்து வரையறை. அதைத் திரும்பத் திரும்ப எழுதினால் பாஸ். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை, இரவில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண், செங்கல் சூளைக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பிய பையன் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். வறுமைக்கும் இடப்பெயர்வுக்கும் மூளையின் பெயரை வைத்தாயிற்று. ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் யார் மெல்ல, யார் வேகம் என்ற கணக்கே மாறிவிடும். எங்கள் அனுபவத்தில், கம்பி சுற்றுவதிலும் இணைப்பு எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதிலும் முந்துவது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள்தான். ஆனால் அவர்களைத்தான் முதலில் ஆய்வகத்தில் இருந்து வெளியே எடுத்துக் கையேட்டின் முன் உட்கார வைக்கிறார்கள்.

கேள்வி கேட்டால் என்ன ஆகும்? கேள்வி வழிக் கற்றல் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பில் ஆதிக்க சாதிப் பிள்ளை கேட்டால் அது ஆர்வம். நம் பிள்ளை கேட்டால் அது வாய். இவனுக்கு வாய் நீளம் என்ற ஒரு வரியில் எத்தனை கேள்விகள் செத்துப்போயின என்று எந்த ஆய்வும் எண்ணியதில்லை. ஆகவே அறிவியல் வகுப்புக்குத் தேவையான முதல் வளம் எது என்று கேட்டால் எங்கள் பதில், தண்டனைக்குப் பயப்படாமல் வாய் திறக்கும் உரிமை. லென்சும் அம்மீட்டரும் அதற்கு அடுத்து வந்தே தீர வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று பேரம் பேசாதீர்கள். இரண்டும் வேண்டும்.

ஒரே வாயு, இரண்டு பாடம்

எதைப் பற்றிக் கேள்வி கேட்பது என்பதிலும் அரசியல் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்வோம். அழுகிய முட்டை நாற்றம் உடைய வாயு என்று வேதியியலில் படிக்கிறோம். அந்த ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். அதே வாயு கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியில் தங்கும். மிகக் குறைந்த அளவில் நாறும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பையே முடக்கிவிடும். நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் அது கொல்லத் தொடங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் விழுவது இதனால்தான். பாடத்தில் இது ஏன் இல்லை?

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. தெரியாமல் இறங்கி இறந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களை இறக்கியவர்கள்தான் குற்றவாளிகள். அதனால்தான் இந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, நாளை தொலைபேசியில் ஆள் கூப்பிடப்போகும் வீட்டுக்காரரின் பிள்ளைக்கும் வேண்டும் என்கிறோம். அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்க வேண்டும்: இதற்குள் ஏன் ஒரு மனிதன் இறங்க வேண்டும்? எந்திரம் ஏன் இல்லை?

இனி அதே வாயுவின் இரண்டாவது பாடம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம். சந்தேகம், காரணம் தேடுதல், நேரில் சென்று பார்த்தல் என்று கண்டறி முறையின் படிகள் அனைத்தையும் அந்த மக்கள் செய்து முடித்தார்கள். பிறகு அரசின் அறிவியல் ஊருக்குள் வந்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு மாதிரி கொடுங்கள் என்று பாதிக்கப்பட்ட மக்களையும் சேர்த்தே கேட்டது. நம் தெருவுக்கு அறிவியல் வரும்போது அது நம் கையில் கருவியாக வருவதில்லை, நம் உடம்பைக் குத்திப் பார்க்கும் ஊசியாகத்தான் வருகிறது.

குடிநீரில் மல மாசு இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்க ஓர் எளிய குப்பிச் சோதனை உண்டு. 1980களின் தொடக்கத்தில் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கியது. குப்பிக்குள் ஊட்டப்பொருள் ஏற்றிய காகிதம் இருக்கும். நீரை ஊற்றி மூடி, நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மல மாசோடு சேர்ந்து வரும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகும். நீர் கறுத்துப்போகும். கறுத்தால் அது எச்சரிக்கை, மேற்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்யலாம். ஊர்த் தெருக் குழாய் ஒன்று, காலனிக் குழாய் ஒன்று, குளோரின் போட்ட அடுத்த நாள் ஒன்று, போடாத வாரம் ஒன்று, ஒப்பிடுவதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒன்று. ஐந்து குப்பிகளில் வேதியியல், நுண்ணுயிரியல், ஒப்பீட்டு ஆய்வு எல்லாம் வந்துவிடும். குடிமைப் பாடமும் சேர்ந்து வந்துவிடும்.

ஆனால் காலனிக் குழாயின் குப்பி மட்டும் கறுத்தால் என்ன நடக்கும்? ஊராட்சித் தலைவர் பள்ளிக்கு வருவார். ஆசிரியருக்கு மாறுதல் ஆணை வரும். அதனால்தான் இது துணிச்சலான ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட வீரமாக இருக்கக் கூடாது என்கிறோம். பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும், செய்முறைத் தேர்வின் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாப் பள்ளியும் செய்யும்போது யாரையும் தனியாகப் பழிவாங்க முடியாது.

குலக்கல்வியைப் புதுச் சட்டையில் கொண்டுவராதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் சூழலில் இருந்து அறிவியல் என்று பேசினால் உடனே சிலர் வருவார்கள், காலனிப் பள்ளியில் பறையும் தோலும், ஊர்ப் பள்ளியில் ரோபோவும் என்று. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்து 1954இல் திரும்பப் பெற வைத்த மண் இது. அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியும்.

பறையைத் தீயில் காட்டினால் தோலின் ஈரம் போகிறது, இழுவிசை கூடுகிறது, ஒலியின் சுருதி ஏறுகிறது. இது இயற்பியல். இந்தச் சோதனை தமிழ்நாட்டின் எல்லா ஒன்பதாம் வகுப்பிலும் நடக்கட்டும், பறையைத் தொட மாட்டேன் என்று வளர்க்கப்பட்ட பிள்ளையின் கையிலும் அதைக் கொடுங்கள். அதே போல ரோபோவும் முப்பரிமாண எந்திரமும் நம் பிள்ளைகளின் கைக்கு வரட்டும். நம் வாழ்க்கை எல்லோருக்கும் பாடமாக வேண்டும், உலகத்தின் அறிவெல்லாம் நமக்கும் பாடமாக வேண்டும். இரண்டில் பாதியை மட்டும் கொடுத்தால் அது ஏமாற்று.

முதலில் எழுதப் படிக்கட்டும் என்பவர்களுக்கு

தமிழே தடுமாறும் பிள்ளைக்கு ஆய்வு எதற்கு என்று கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தைப் பாருங்கள். 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. பிறகு மாவட்டம் முழுவதும் பரவி, ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் வளர்ந்தது. சோதனைப் பெட்டி அரசுப் பள்ளிக்கே வந்தது. பிள்ளைகள் சோதனை செய்தபிறகே முடிவைத் தாமே எழுதினார்கள், பாடப்புத்தகம் விடையை முன்கூட்டிச் சொல்லாது. தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் கடிதத்தில் கேள்வி அனுப்புவார்கள், பதில் வரும். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு முப்பது ஆண்டுகள் நடந்த வேலை இது. எழுதப் படிக்க வராது என்று யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. தான் பார்த்ததை எழுதும்போது எழுத்தும் சேர்ந்து வருகிறது.

2002இல் மாநில அரசே அதை நிறுத்தியது. பிள்ளைகள் தோற்றதால் அந்தத் திட்டம் நிற்கவில்லை, அரசு கைவிட்டதால் நின்றது. அதுவும் 6 முதல் 8 வரைதான் என்பதையும் கவனியுங்கள். இந்த நாட்டில் கேள்விக்கு அனுமதி கிடைத்த போதெல்லாம் எட்டாம் வகுப்பில் ஒரு கேட் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு எதிர்வாதம், அறிவியல் வகுப்பில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள் என்பது. சென்னையில் அறிவியல் பேராசிரியராக இருந்தவர் பி.லட்சுமி நரசு. 1907இல் பௌத்தத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலை 1948இல் அம்பேத்கர் மறுபதிப்புச் செய்தார். சாதியைப் பற்றி 1922இல் தனி நூலே எழுதினார் நரசு. காரணம் தெரியாமல் எதையும் ஏற்காதே என்று ஆய்வகத்தில் சொல்லிக்கொடுப்பவர், வகுப்புக்கு வெளியே வந்ததும் பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்பதை எந்தக் காரணத்தின் பேரில் ஏற்பார்? அறிவியலும் சாதி ஒழிப்பும் ஒரே கேள்வியில் இருந்துதான் பிறக்கின்றன. இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பவர்களுக்குத்தான் அந்தப் பூட்டால் லாபம்.

நாங்கள் கேட்பவை

1. வானவில் மன்றத்தை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அது முதலில் தொடங்க வேண்டும்.

2. 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தின் நிதியில், தண்ணீரும் மின்சாரமும் உள்ள ஆய்வகத்துக்கு ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். எல்லோருக்குமான பொதுச் செலவை நம் கணக்கில் எழுதும் பழைய வித்தை வேண்டாம்.

3. ஒரே பட்டதாரி ஆசிரியர் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு செய்முறையும் நடத்துவது நடக்காத காரியம். ஆய்வக உதவியாளர் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், அலுவலகத்தில் பட்டியல் தட்டச்சு செய்யக் கூடாது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் ஆய்வகத்துக்கு வேண்டும்.

4. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அதை ஆய்வகக் குழுக்களுக்கும் நீட்டுங்கள். கருவி பிடிப்பது, எழுதுவது, கழுவுவது, கூட்டுவது எல்லாம் சுழற்சி முறையில். பட்டியல் ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கலாமா என்பதில் நம்மிடையே இரு கருத்து உண்டு, பேசுவோம். சுழற்சிப் பட்டியலுக்கு எந்த இணைப்பும் காத்திருக்க வேண்டியதில்லை.

5. செய்முறைத் தேர்வில் மனப்பாடம் செய்த சோதனைக்குப் பதிலாக, பிள்ளை தானே எழுப்பிய ஒரு கேள்வியும் அதைத் தேடிய வழியும் மதிப்பிடப்பட வேண்டும். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் தேடிய விதத்துக்கு மதிப்பெண் வேண்டும்.

6. மெல்லக் கற்போர் என்ற பெயர்ப்பலகையை எடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பொருள் பதிவேட்டைக் கேளுங்கள், எது எப்போது வாங்கியது, கடைசியாக எந்த வகுப்பு எப்போது பயன்படுத்தியது என்று. சாவி வீட்டில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு, சாவி தொலைந்துவிட்டது என்பார்கள். பரவாயில்லை, நாளை வருகிறோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி நாளையும் போங்கள்.

ஜெய் பீம்.